பதினைந்தாம் பாடத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும், வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவு எடுத்ததே நீங்கள்தான். சுகாதாரக் கிளினிக்கிலிருந்து ஒரு தாதி வந்து, நான்காம் ஐந்தாம் படிவ உயிரியல் மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம் பேசுவதாக இருந்தது. அது ரத்தானது. நான்காம் படிவ உயிரியல் நூலின் பதினைந்தாம் பாடத்தை, அதாவது மனித இனப்பெருக்கத்தை, பிள்ளைகள் வீட்டிலேயே படித்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியையிடம் சொல்லப்பட்டது. ஆட்சேபம் சொன்னவர்கள் நம் ஆட்கள்தான் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

அன்று இரவு என் மகளின் பாடநூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். முதல் பதினான்கு பாடங்களிலும் மஞ்சள் கோடு, ஓரத்தில் பென்சில் குறிப்பு, ஒரு பக்கத்தில் மைலோ சிந்திய கறை. பதினைந்தாம் பாடம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. "இது வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள். வேண்டாம் என்று யார் சொன்னது? நம் மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். சோதனைக்கு நான்காம் படிவப் பாடமும் சேர்த்தித்தான். சோதனைத் தாள் தயாரிப்பவர்கள் நம் செயலவையைக் கேட்டுக்கொண்டு கேள்வி போடப் போவதில்லை.

ஆனால் மதிப்பெண்ணுக்காக நான் இதை எழுதவில்லை. 1996-இல் நான் இதே பட்டணத்தில் ஐந்தாம் படிவம் படித்தேன். எங்கள் ஆசிரியரும் அந்தப் பாடம் வந்தபோது அடுத்ததற்குத் தாவிவிட்டார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம். அந்தப் பக்கங்களுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். இதை எழுதலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "எழுது" என்றார்.

2002-இல் எனக்குக் கல்யாணம். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது, வயிறு திறக்கவில்லை. மாமியார் நல்லவர், என்மேல் பிரியம் உள்ளவர். அவருக்குத் தெரிந்த கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தலைக்குக் குளித்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் குழந்தைக்கு, மாதத்தின் பின்பாதி சாமிக்கு. அந்தப் பின்பாதி முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் சேராமல் விரதம். மூன்று வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். வேண்டுதலைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு என்னைத் தாங்கிப் பிடித்தது அது ஒன்றுதான்.

என் நாத்தனாரின் வளைகாப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்து வகைச் சாதமும் நான்தான் கிளறினேன். தாம்பாளத்தில் வளையல், சந்தனம், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்ததும் நான்தான். பெண்கள் வரிசையாகப் போய்ச் சந்தனம் பூசினார்கள். நானும் கையைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன். என் மாமியாரின் அக்கா என் தோளைத் தொட்டு, மெதுவாக, "நீ உள்ளே புளிச்சாதத்தைப் பார்த்துக்கோம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. புளிச்சாதம் ஏற்கெனவே பாத்திரத்தில் மூடி வைத்திருந்தது. நான் உள்ளே போய் அந்த மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே என் வீட்டுக்காரர் பந்தலின் கீழ் மற்ற ஆண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அத்தனை வருஷமும்.

ஐந்தாவது வருஷம் ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி: "மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை?" முப்பத்தைந்து நாள் என்றேன். என் அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ பதினான்கு நாள் முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது பதினான்காம் நாள். 35 நாள் உள்ள எனக்கு இருபத்தொன்றாம் நாள் வாக்கில். வெளிவந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே கரு தரிக்கக்கூடிய நாட்கள் மாதத்துக்கு ஆறுதான். என் கணக்கில் அது பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை.

அந்த ஆறு நாளும் நாங்கள் விரதத்தில் இருந்திருக்கிறோம். வருஷக்கணக்காக, ஒவ்வொரு மாதமும்.

டாக்டரம்மா அதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷம் என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது.

அப்புறம் அவர், "உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள்" என்றார். அதற்கு மேலும் ஒரு வருஷம் போனது. "எனக்கென்ன குறை?" என்பார் வீட்டுக்காரர். ஆண்மை இருந்தால் விந்தணு இருக்கும் என்று நினைத்தார். தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டும் வெவ்வேறு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியில் ஒரு நாள் தானாகவே கிளம்பி வந்தார். சின்ன டப்பா, சாதாரணப் பரிசோதனை. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது. விதைப்பையில் இரத்தக்குழாய் வீங்கியிருந்தது, வெரிகோசீல் என்றார்கள். விதைகள் உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இயற்கை அவற்றை வெளியே வைத்திருக்கிறது என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். அவர் செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் பத்து வருஷம் வேலை செய்தவர். எது எவ்வளவு காரணம் என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்தார்கள், ஆலையில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், அதனால் உடனே பலன் எதிர்பார்க்காதீர்கள் என்றார்கள். பொறுத்திருந்தோம். 2009-இல் மகள் பிறந்தாள். பதினைந்தாம் பாடத்தில் ஒரு கோடும் இல்லாத புத்தகம் அவளுடையதுதான்.

என் மாமியாரின் அக்கா இப்போது இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பாடநூல் கிடைக்கவில்லை. உங்களில் பலர் படித்தவர்கள். கோபம் உங்கள் மேல்தான் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். கருத்தடையைப் பற்றிச் சொன்னால் தப்புக்கு வழி காட்டியதாகும் என்று இன்னொருவர். கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் முதலாம் படிவ அறிவியலிலேயே மலட்டுத்தன்மையும் கருத்தடையும் இருக்கின்றன. பதின்மூன்று வயதுக்கு ஏற்றது என்று நாடு முடிவு செய்ததைப் பதினாறு வயதுக்கு ஆகாது என்று நாம் சொல்கிறோம். 2010 முதல் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி திட்டம் நடக்கிறது, பள்ளிக்கே வந்து போடுகிறார்கள். நாம் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். அந்த ஊசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்குக் கருப்பைவாய் எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்ட மாட்டோம் என்றால் எப்படி?

கருத்தடையைத் தெரிந்துகொள்வது என்பதே உடம்பைத் தெரிந்துகொள்வதுதான். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமானால், அது முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது என்று புரிய வேண்டும். அது புரிந்தவளுக்கு முட்டை எப்போது வெளிவரும் என்பதும் புரியும். எனக்கு 1996-இல் அது புரிந்திருக்க வேண்டும்.

தெரியாமல் இருப்பதால் பிள்ளைகள் காப்பாற்றப்படுகிறார்களா? எங்கள் வரிசை வீட்டில் ஒரு தங்கச்சி, பால் கொடுக்கும் வரை தரிக்காது என்று நம்பி நாலு வருஷத்தில் மூன்று பிள்ளை பெற்றாள். மூன்றாவது பிரசவத்தில் இரத்தம் குறைந்து படுத்தவள் எழுந்து நடக்க மாதக்கணக்கானது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கு திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமலும் இருந்தால்தான் அந்த நம்பிக்கை செல்லும். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். மாத்திரை எடுத்துக்கொள் என்று கிளினிக்கில் சொன்னதற்கு, அதைச் சாப்பிட்டால் அப்புறம் எப்போதுமே பிள்ளை தங்காது என்று யாரோ பயம் காட்டியிருந்தார்கள். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்குத்தான் ஒரு வருஷம் வரைகூட தாமதமாகலாம். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

சரி, பெண்பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்ததாகவும் அறிகிறேன். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. என் வீட்டுக்காரர் வகுப்பில் ஓர் ஆண்பிள்ளையாக உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் நான் புளிச்சாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தக் குறையைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. நம் பள்ளியின் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஐந்து பேர் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் இனம் சுருங்கிக்கொண்டே போகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நாட்டின் மக்கள் தொகையில் நாம் ஏழு விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டோம், உண்மைதான். 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளை என்று இருந்த மலேசியாவில் 2022-இல் அது 1.6 ஆனது. இந்தியர்களிடம் அதற்கும் குறைவு. பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மைக் பிடித்துச் சொல்கிறோம், ஆனால் பிள்ளை எப்படித் தரிக்கிறது, எதனால் தரிக்காமல் போகிறது என்று சொல்லித்தரும் தாதியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். முன்பு தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது, மருந்து கொடுக்க டிரெஸ்ஸர் இருந்தார், பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். சரியோ தப்போ, கேட்க ஓர் ஆள் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் பட்டணத்துக்கு வந்து அடுக்குமாடியில் அடைந்தபிறகு அந்த ஆளும் இல்லை. பள்ளிக்கூடமும் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்? குடும்பத் திட்டத்துக்காக 1966-இலேயே ஒரு வாரியம் அமைத்த நாடு இது. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று இன்றும் இயங்குகிறது, குழந்தைப்பேறு சிகிச்சையும் தருகிறது. ஏறத்தாழ அறுபது வருஷம் கழித்து நம் செயலவை ஒரு தாதியைக் கண்டு பயப்படுகிறது.

கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இரண்டே காரியம். கிளினிக் தாதியை மறுபடியும் அழையுங்கள், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும். பதினைந்தாம் பாடத்தை வகுப்பிலேயே, விடாமல், முழுசாக நடத்தும்படி ஆசிரியையிடம் சொல்லுங்கள். அவர் நடத்தத் தயாராகத்தான் இருக்கிறார், உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். தன் பிள்ளை உட்கார வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் எழுதிக் கொடுத்து அழைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்களுக்காக மற்ற எல்லாப் பிள்ளைகளின் பாடத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த செயலவைக் கூட்டம் எப்போது என்று தெரிவித்தால் நானும் வீட்டுக்காரரும் வருகிறோம். பேச அனுமதித்தால் அவரே பேசுகிறேன் என்கிறார். முடிந்தால் சனிக்கிழமை மாலையில் வையுங்கள். அன்று ஆலையில் அவருக்குக் காலை ஷிப்ட்.

தயவுடன்,
நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் தாய்