கணவாய்க்குள் இருந்த நரம்பு

வெள்ளவத்தை,
கொழும்பு.
ஆடி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள வதனி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. ஃபோனில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விசயமில்லை என்றுதான் ஆறுதலாக இருந்து எழுத வைத்திருந்தேன். இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்று பலமாக அடிக்கிறது. கடற்கரைப் பக்கத்து யன்னலைத் திறந்தால் வீடு முழுக்க உப்புப் பிசுக்கு. மகள் ஆரணி விடுமுறைக்கு வந்து நிற்கிறாள். ஸ்கொட்லாந்தில் அவளுடையது நாலு வருட நரம்பியல் விஞ்ஞானப் படிப்பு, மூன்று முடிந்துவிட்டது.

நீ கேட்டதை முதலில் எடுக்கிறேன். உன் மகன் முகிலன் முதலாம் வருடத்தை முடித்துவிட்டு, இனி நரம்பியல் விஞ்ஞானத்தைத்தான் பட்டத்துக்கு எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அது டொக்டர் ஆவதற்கு வழியா, பட்டத்தைச் சுவரில் கொழுவிவிட்டு வேலை தேடி அலைவதற்கு வழியா என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நித்திரையில்லாமல் கிடந்தவள் நான்.

ஆரணிக்கு உயர்தரத்தில் இரண்டு ஏ, ஒரு பி. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு அது போதவில்லை. வேறு சில மாவட்டங்களென்றால் மருத்துவபீடம் கிடைத்திருக்கும். அந்த முறையை நான் பிழை சொல்லமாட்டேன், ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு வழி வேண்டும். ஆனால் சொந்தப் பிள்ளை பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறபோது நியாயமெல்லாம் மனதுக்கு எட்டாது. இரண்டாந்தரம் எடு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற ஒருவர், "நரம்பியல் விஞ்ஞானம் எடுத்தால் அங்கிருந்து நேரே மருத்துவத்துக்கு மாறலாம்" என்று எங்களுக்கு உறுதி சொன்னார். அது பொய், வதனி. பிரித்தானியாவில் ஒரு பட்டத்தை முடித்தவர்களுக்கென்று நாலு வருட மருத்துவப் படிப்பு இருக்கிறதுதான். ஆனால் அதற்குத் திரும்பவும் சோதனை, நேர்முகம், கொஞ்ச இடத்துக்குப் பெரிய போட்டி. நிச்சயமாக நேரே மாறலாம் என்று ஒருவரும் உறுதி தர ஏலாது. எத்தனை தாய்தகப்பன் அந்த ஒரு வசனத்தை நம்பிக் காணியை விற்றிருப்பார்கள் என்று நினைக்க இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கனடாவில் கதை வேறு. அங்கே மருத்துவத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டம் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் என்பதை விட, கேட்கிற பாடங்களைப் படித்திருக்கிறானா, புள்ளி எப்படி, அந்த நுழைவுச் சோதனை எப்படி என்பதுதான் கணக்கு. ஆகவே முகிலன் இதை எடுத்தால் மருத்துவக் கதவு மூடிவிடாது. திறந்தும் விடாது.

ஆரணி இதை எடுத்தது அந்த ஆள் சொன்னதற்காக இல்லை. அதை உனக்கு விபரமாகச் சொல்லவேண்டும்.

அவள் உயர்தரம் எடுத்த வருடம்தான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போய்விட்டது. தபாற்கந்தோரில் ஆயுள் முழுக்க ஊர்ச்சனத்தோடு கதைத்துக் கதைத்தே வேலை செய்த மனுசனுக்கு மிஞ்சினது "சரி" என்ற ஒரு சொல். தண்ணீர் கேட்கவும் "சரி", கோபத்துக்கும் "சரி". நாங்கள் சொல்கிறதெல்லாம் விளங்கும், தனக்குச் சொல்ல வராது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நான் தேவாரம் படித்தேன். இரண்டாம் அடியில் பின்னாலிருந்து அப்பாவின் குரல். சொல் சிதறாமல், சந்தி பிழைக்காமல், கடைசி வரி வரைக்கும் என்னோடு பாடினார். பாடி முடிந்ததும் "அப்பா" என்று திரும்பினேன். "சரி" என்றார்.

ஆரணி சாப்பாட்டுக் கோப்பையோடு வாசலில் நின்றவள் கேட்டாள்: "தண்ணி எண்டு சொல்ல ஏலாத அம்மப்பாவுக்குத் தேவாரம் மட்டும் எப்பிடியம்மா வருது?"

இருபத்திரண்டு வருடம் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடித்தான் அவள் போனாள். முதல் வருடத்திலேயே ஃபோனில் ஒரு கதை சொன்னாள். 1861இல் பாரிசில் போல் புறோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு நோயாளி இருந்தான். அவன் வாயிலிருந்து வந்தது "தான்" என்ற ஒரே அசை. எதைக் கேட்டாலும் "தான், தான்". அவள் சொல்லும்போது எனக்கு அது தமிழாகவே கேட்டது, அப்பாவின் "சரி"யைப்போல. அவன் செத்தபிறகு புறோக்கா மூளையைப் பார்த்தார், இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது. அதிலிருந்துதான் பேச்சுக்கு மூளையில் ஓர் இடமுண்டு என்ற கருத்து நிலைத்தது. அந்த மூளையை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தபடியால் 2007இல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புறோக்கா வெளியே கண்டதை விடப் பழுது மிக ஆழமாகப் போயிருந்ததாம். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் அதே மூளையிடம் திரும்பப் போய்க் கேட்கிற படிப்பு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேவாரத்துக்கு அவர்கள் சொல்கிற விளக்கங்களில் ஒன்று, இராகத்துக்கும் நாப்பழக்கமான வரிக்கும் மூளையின் வலப்பாதியும் கைகொடுக்கிறது என்பது. இராகம் போட்டுப் பேச்சைத் திரும்பப் பழக்குகிற ஒரு சிகிச்சையும் 1973இலிருந்து இருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

போன கிழமை நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். சந்தையில் நல்ல கணவாய் வந்திருந்தது. குசினியில் இருந்து துப்புரவாக்கிக் கொண்டிருக்கிறேன், ஆரணி வந்து, "பொறுங்கோ அம்மா, ஒண்டை எனக்குத் தாங்கோ" என்று வாங்கி, உடம்பை நீளவாட்டில் பிளந்து விரித்தாள். உள்பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன நட்சத்திரம். நரம்புக்கலங்கள் கூடின முடிச்சு அது, அதிலிருந்து நரம்புகள் கதிர்போலப் பிரிந்து போகின்றன. "இதுக்குள்ளதான் அம்மா அந்தப் பெரிய நரம்பு" என்றாள். ஆபத்து வந்தால் கணவாய் உடம்பை ஒரே இறுக்காக இறுக்கித் தண்ணீரைப் பீச்சி ஓடுகிறதே, அந்தக் கட்டளை போகிற வழி. சில கணவாய் இனங்களில் அது ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே தடிப்பு. எங்கள் நரம்பு நார்கள் மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கு.

அவ்வளவு தடிப்பாக இருந்தபடியால்தான் 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டுபேர் அதற்குள்ளேயே மின்வாயைச் செலுத்தி, நரம்புத் துடிப்பை உள்ளிருந்து அளந்தார்கள். துடிக்கும்போது உள்ளே இருக்கிற மறை (மைனஸ்) மின்னழுத்தம் பூச்சியத்துக்கு வந்து நிற்கும் என்றுதான் அதுவரை நம்பிக்கை. அது பூச்சியத்தைத் தாண்டி நேர்ப்பக்கம் போனது. ஏனென்று பார்ப்பதற்கு முன்னமே போர் வந்துவிட்டது. போர் முடிந்தபிறகு திரும்பவும் கணவாயிடம் போய், சோடியமும் பொற்றாசியமும் எப்போது உள்ளே, எப்போது வெளியே என்று கணித்து, கைப்பிடி சுற்றுகிற கணிப்பானில் கிழமைக்கணக்காகக் கணக்குச் செய்து 1952இல் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு. போருக்காக ஒத்திவைத்த சோதனை என்றால் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வதனி, அந்த நரம்புத் துடிப்பின் வளைகோட்டை நான் இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். மைனஸ் 70 மில்லிவோல்ட், ஏற்றம், இறக்கம், திரும்ப ஓய்வு. பிள்ளைகள் கொப்பியில் அழகாகக் கீறி முழுப்புள்ளியும் வாங்கினார்கள். இதை ஆர் அளந்தது, எதில் அளந்தது என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்குக் கணவாய்க் கறி வைக்கிறபோது கண் கலங்கிவிட்டது.

படிப்பு லேசானது என்று நினைக்கவேண்டாம். மூளைப் படங்களும் மனக்கதைகளும் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் முதல் வருடத்திலேயே மலைத்துப் போகிறார்களாம். கலவுயிரியல், இரசாயனம், மருந்தியல், எல்லாவற்றுக்கும் மேலே புள்ளிவிபரவியல். ஆரணிக்கு உயர்தரத்தில் கணிதம் இல்லை, கணினியில் நிரல் எழுதவும் தெரியாது. முதல் இரண்டு வருடமும் அழுதழுது பழகினாள். முகிலனுக்கு நான் சொல்கிற முதல் புத்தி இதுதான்: இந்தக் கோடையிலேயே பைதன் (Python), ஆர் (R) போல நிரல் எழுதுகிற கணினிமொழி ஒன்றைத் தொடங்கட்டும், கணிதத்தைக் கைவிடவேண்டாம். ஒரு பழ ஈயின் மூளைக்குள் ஏறத்தாழ 140,000 நரம்புக்கலங்கள். அவற்றின் இணைப்பு முழுவதையும் வரைபடமாக்கி 2024இல்தான் வெளியிட்டார்கள், கணினி இல்லாமல் அது நடந்திராது. மனித மூளையில் பத்தாயிரம் கோடி என்று நான் படிப்பித்தேனே, அதுவும் பிழை. 2009இல் பிரேசிலில் மூளையைக் கரைத்துக் கலக்கருக்களை எண்ணிப் பார்த்து 8,600 கோடி என்று கண்டார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரிடமும் திருத்திச் சொல்ல முடியாதே என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டாய். பட்டத்தோடு மட்டும் நேரே காத்திருக்கிற வேலை குறைவு. அவளோடு படிக்கிறவர்களில் சிலர் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு, சிலர் மருந்துப் பரிசோதனைக் கம்பனிகளுக்கு, சிலர் தரவு வேலைக்கு என்று நினைத்திருக்கிறார்கள். அதற்குமேல் இன்னும் இரண்டு மூன்று வருடம் படிக்கவேண்டி வரும் என்று எண்ணியே காசைத் திட்டமிடு.

ஆரணிக்கு இப்போது சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறது. வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தது என்று எங்கள் வினைச்சொல் ஆள் ஆர், ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்பதையெல்லாம் தன் வாலில் கட்டிக்கொண்டு வருகிறது. பேச்சுப் போன தமிழருக்கு அந்த வாலில் எது முதலில் அறுகிறது, எது கடைசிவரை நிற்கிறது? அப்பாவுக்கு இப்போது "வா" வருகிறது. "வந்தேன்" வரவில்லை. இங்கே அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த பிள்ளை சிங்களப் பிள்ளை, தங்கமான பிள்ளை. நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். ஆனால் இந்த வாலை எப்படி மொழிபெயர்க்கிறது? நாலாம் வருட ஆய்வுக்கு இதையே எடுக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சுச் சிகிச்சையும் படிக்கவேண்டும் என்கிறாள். அவள் படிப்பால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அது அவளுக்கும் தெரியும்.

ஆகவே முகிலனிடம் டொக்டர் ஆவாயா என்று கேட்காதே. மூளையைப் பற்றி எந்த விசயம் உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று கேள். ஒன்றைச் சொன்னானென்றால், அது உனக்குச் சின்னதாகத் தெரிந்தாலும், விடு, எடுக்கட்டும். ஒன்றுமே இல்லை, மருத்துவம்தான் வேண்டும் என்றானென்றால் தனக்கு நல்ல புள்ளி வருகிற பாடத்தை எடுப்பதுதான் அவனுக்கு நல்லது.

ஆரணி அடுத்த மாதம் பத்தாம் திகதி போகிறாள். அதற்குமுன் ஒருநாள் இருவரையும் கதைக்க வை. உங்களுக்குக் காலையென்றால் எங்களுக்குப் பின்னேரம், தோதாக இருக்கும்.

அப்பா கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், விளக்கேற்றுகிற நேரம். மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் சாந்தா