முகூர்த்தத்துல கேமரா ஆஃப் ஆன விஷயம்: நம்ம கடை கஸ்டமர்ஸுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் சின்னக் கடையில ஃபிலிம் ரோல் கழுவ குடுத்த காலத்துலேந்து வர்றவங்களும் இருக்கீங்க, போன மாசம் ரிங் லைட் மட்டும் வாங்கிட்டுப் போனவங்களும் இருக்கீங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது. ரெண்டு வாரமா வாட்ஸ்ஆப்ல நம்ம கேமரா கடையைப் பத்தி ஒரு வீடியோ சுத்துது. உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே ஏழெட்டு பேர் ஃபார்வேர்ட் பண்ணிட்டாங்க, அதுல ஒருத்தர் என் சொந்த மச்சினன்.

விஷயம் என்னன்னா, கல்யாண லைவ் பண்ற ஒரு தம்பி நம்மகிட்ட கேமரா வாங்கினாரு, முதல் கல்யாணத்துலயே கரெக்டா கெட்டிமேளம் சொல்றப்போ கேமரா ஆஃப் ஆயிடுச்சு, சிங்கப்பூர்லேந்து பாத்துக்கிட்டிருந்த பொண்ணோட அத்தைக்கு தாலி கட்டுறது தெரியாம கறுப்பு ஸ்க்ரீன்தான் தெரிஞ்சிருக்கு. நடந்தது உண்மைதான், நான் மறுக்கல. நேர்ல போய் அந்தத் தம்பிகிட்டயும் வீட்டுக்காரங்ககிட்டயும் வருத்தம் சொல்லிட்டு வந்தேன்.

ஆனா அந்த வீடியோவுல "கடைக்காரருக்கு பெட்டியை எடுத்துக் குடுக்கத்தான் தெரியும், கேமரா தெரியாது"ன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதான் தூங்க விடல. யாஷிகா ஃபிலிம் கேமராவுல 36 படம் எடுக்குற ரோல் மாட்டி 38 படம் எடுத்துக் காட்டினவன் நான். ஃபிலிம் முனையை அதிகம் இழுக்காம லோட் பண்ணத் தெரிஞ்சா வரும், இப்போ உள்ள பசங்களுக்கு நான் என்ன சொல்றேன்னே புரியாது, சரி அதை விடுங்க. பெட்டி விக்கிறதுதான் நோக்கம்னா, சமையல் சேனல் ஆரம்பிக்கணும்னு அறுபதாயிரத்தை பர்ஸுல வச்சுக்கிட்டு வந்த ஒரு அம்மாகிட்ட "உங்க போனே போதும்மா, அடுப்புச் சத்தத்துல நீங்க பேசுறதுதான் கேக்கல"ன்னு சொல்லி ஒரு போயா பிஒய்-எம்1 காலர் மைக்கை மட்டும் குடுத்து, ஜன்னல் பக்கமா திரும்பி நின்னு எடுங்கன்னு அனுப்பியிருப்பேனா? அந்த அம்மா இப்பவும் கடைக்கு வந்தா முறுக்கு கொண்டு வர்றாங்க.

சரி, அன்னிக்கு என்னதான் ஆச்சு? அந்த கேமரா சின்ன பாடி மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத வகை), உள்ள ஃபேன் கிடையாது, சென்சார் சூடு ப்ராசஸர் சூடு எல்லாம் பாடி வழியாத்தான் வெளிய போகணும். தம்பி உள்ள கார்டுல 4கே (ரொம்பத் துல்லியமான வீடியோ, சூடும் அதிகம்) ரெக்கார்டிங் போட்டுட்டு, அதே நேரத்துல எச்டிஎம்ஐ ஒயர்ல லேப்டாப்புக்கும் லைவ் எடுத்திருக்காரு. அஞ்சடி தூரத்துல ஹோம குண்டம், தலைக்கு மேல ஃபோகஸ் லைட், ரெண்டரை மணி நேரம் நிறுத்தாம ஓடியிருக்கு, அதான் சூடாகி தானா ஆஃப் ஆயிடுச்சு. லைவ் போறது 1080பி (4கே-யை விடக் கொறைஞ்ச அளவு), அதுக்கு எதுக்கு 4கே? சூடானா எந்த அளவுல ஆஃப் ஆகணும்னு மெனுவுல ஒரு செட்டிங் இருக்கு, பாக்ஸ்லேந்து எடுக்கும்போது அது சாதாரணத்துலதான் இருக்கும், ஸ்டாண்டுல வச்சு எடுக்குறவங்க அதை கூடுதலுக்கு மாத்திக்கணும் (கையில புடிச்சு எடுக்குறவங்க மாத்தாதீங்க, சுடும்). பேட்டரிக்குப் பதிலா டம்மி பேட்டரி (பேட்டரி மாதிரியே இருக்கும், ஒயரோட வரும்) போட்டு கரண்ட்ல ஓட்டினா பேட்டரி சூடும் கொறையும், நடுவுல சார்ஜ் தீருமோங்கிற பயமும் இல்ல. ஸ்க்ரீனை பாடியோட ஒட்டி வைக்காம வெளிய திருப்பி வைங்க. வழக்கமா இதெல்லாம் கடையிலேயே செட் பண்ணித் தர்ற பையன் வேலையை விட்டுட்டான், அதனால அன்னிக்கு விட்டுப்போச்சு. டெமோ பீஸைத் தலையில கட்டிட்டேன்னு நினைக்கிறவங்களுக்கு: அது கடையில காட்டுறதுக்கு வச்சிருந்த டெமோ பீஸ்தான், பில்லுலயே இருக்கு, அதுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்ல.

இனிமே வாங்க வர்றவங்ககிட்ட நான் கொஞ்சம் அதிகமா கேள்வி கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க முதல்ல கேக்குறது "எத்தனை மெகாபிக்சல்ணே". 4கே வீடியோவோட ஒரு ஃப்ரேமே எட்டு மெகாபிக்சல் சொச்சம்தான், அதனால அந்தக் கேள்வியே வேண்டாம். உக்காந்து பேசப்போறீங்களா நடந்துக்கிட்டே பேசப்போறீங்களா, அதைச் சொல்லுங்க. கேமரா கூட வர்ற 16-50 எம்எம் லென்ஸை 16-ல வச்சு கையை நீட்டிப் புடிச்சு, ஆட்டம் கொறையட்டும்னு ஸ்டெபிலைசரையும் போட்டீங்கன்னா அது ஓரத்தை வெட்டிரும், மலைக்கோட்டை பின்னாடி தெரியணும்னு நிக்கிறீங்க, ஆனா வீடியோவுல ஆதார் கார்டு போட்டோ மாதிரி மூஞ்சி மட்டும்தான் இருக்கும். நடக்குறவங்களுக்கு 10, 11 எம்எம் லென்ஸ் வேணும் (நம்பர் கொறைஞ்சா அகலமா தெரியும்), இல்லேன்னா போனும் கிம்பலும் (ஆடாம புடிக்கிற ஸ்டாண்டு) போதும்.

லைவ்னா கேமராவை விட ஒயர்தான் முக்கியம். யூஎஸ்பி ஒயரை நேரா லேப்டாப்ல சொருகினாலே லைவ் போகலாம்னு நம்பி வாங்குறாங்க. போகும், ஆனா சோனி இசட்வி-இ10 கேமராவை அப்படிப் போட்டா 720பி-தான் குடுக்கும். முழு 1080 வேணும்னா எச்டிஎம்ஐ வழியா கேப்சர் கார்டு (கேமரா வீடியோவை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற சின்னப் பெட்டி) போடணும். மலிவு கேப்சர் கார்டு பெட்டியில 4கேன்னு பெருசா போட்டிருப்பான், அது உள்ள வாங்கிக்கிறது 4கே, கம்ப்யூட்டருக்குக் குடுக்குறது 1080-தான். மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட் ரொம்ப சின்னது, ஒயரைத் தொங்க விட்டீங்கன்னா நாலு கல்யாணத்துல லூஸ் ஆயிடும், ட்ரைபாட் கால்ல ஒரு சுத்து சுத்தி டேப் ஒட்டிருங்க.

இன்னொண்ணு, டியூப்லைட்டுல வீடியோ மினுக்குதுன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது கேமராவைத் தூக்கிட்டு வர்றாங்க. கேமராவுல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமரா என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான செட்டிங்)-ல செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல ஓடிக்கிட்டிருக்கும். மெனுவுல PAL-ங்கிற செட்டிங்குக்கு மாத்தி 25 ஃப்ரேம், ஷட்டர் ஸ்பீடு 1/50 வைங்க, பெரும்பாலும் சரியாயிடும். நெட்டை மட்டும் காலையில காலி மண்டபத்துல டெஸ்ட் பண்ணிட்டு நம்பாதீங்க, பாக்க வேண்டியது அப்லோடு ஸ்பீடு, அதுவும் ஐந்நூறு பேர் போனோட உள்ள வந்தப்புறம்.

அந்தத் தம்பிகிட்டேந்து கேமராவை வாங்கி எல்லாம் செட் பண்ணித் திருப்பித் தந்துட்டேன், டம்மி பேட்டரி நம்ம செலவு. அடுத்த முகூர்த்தத்துக்கு நானே போய் பின்னாடி நின்னேன், மூணு மணி நேரம் ஓடுச்சு, ஒண்ணும் ஆகல, ஆனா நல்லா ஓடின இந்த வீடியோவை மட்டும் யாரும் ஃபார்வேர்ட் பண்ண மாட்டேங்குறாங்க.

குரூப்ல அந்த வீடியோ வந்த உடனே "அந்த அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்ல"ன்னு வாய்ஸ் போட்ட துறையூர் ஸ்டூடியோ அண்ணன், லால்குடி பசங்க, ஒண்ணுமே சொல்லாம வந்து ரெண்டு மெமரி கார்டு வாங்கிட்டுப் போன காலேஜ் பொண்ணு, உங்களையெல்லாம் மறக்க மாட்டேன். நீங்க இருக்கீங்கன்னுதான் ஷட்டரைத் திறக்குறேன்.

நம்மகிட்ட வாங்கின கேமரா எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க, மெனு முழுக்க பார்த்து செட் பண்ணித் தர்றேன். இந்த மாசம் ஃப்ரீ, அடுத்த மாசத்துலேந்து 300 ரூபா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்தா நான் இருப்பேன், வரும்போது நீங்க யூஸ் பண்ற எச்டிஎம்ஐ ஒயரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.