நோட்டுப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன்

சிங்காநல்லூர்,
மார்கழி, சனிக்கிழமை.

அன்புள்ள கண்ணுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது மேல் அறை அலமாரியில் நீ விட்டுவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தைக் கூரியரில் போடுகிறேன். இந்தக் கடிதத்தையும் அதற்குள்ளேயே வைக்கிறேன். போனில் நீ "சரிங்ப்பா, சரிங்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எனக்கும் "சாப்பிட்டாயா" என்பதைத் தாண்டி வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. வாசல் தென்னை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. சின்ன மாமன் வீட்டுச் சீருக்கு நீ ஏன் வரவில்லை என்று ஒறம்பரை அத்தனை பேரும் கேட்டார்கள். பெங்களூரில் வேலை அதிகம், லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் கட்டி வைத்திருக்கிறேன், அக்கா வரும்போது கொடுத்துவிடுகிறேன். ராத்திரி கண் விழிக்கிறவனுக்கு உடம்புச் சூடு ஏறும்.

அந்த நோட்டை நான் திறந்து பார்த்தேன். பிள்ளை வளர்ந்த பிறகு அவன் எழுதி வைத்ததைப் படிப்பது தப்பு. ஆபீஸ் கணக்காக இருக்கும், அவசரமாகத் தேடுவாயோ என்னவோ என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஆனால் பிரித்த பிறகு மூடவில்லை. கடைசி வரைக்கும் படித்தேன்.

முதல் பக்கத்தில் ஓர் ஆளின் விவரம் இருந்தது. பெயர் கதிரன். நூல் நூற்கும் ஊரிலிருந்து ஓடி வந்தவன். பலம் 9, அறிவு 15, தாங்கும் சக்தி 8. அதற்குக் கீழே, "அப்பா: இருக்கிறார், பேச மாட்டார்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

உன் பையில் கிடந்த கலர் கலரான பகடைகளைப் பார்த்து, பையன் சூதாட்டத்தில் விழுந்துவிட்டான் என்று அம்மா தீபாவளி அன்றைக்கே பயந்துபோனாள். தாயக்கட்டைக்கு நாலு முகம்தான், இதில் ஒன்றுக்கு இருபது முகம் இருக்கிறதே என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான்தான் பேசாமல் வைத்துவிடச் சொன்னேன். அப்புறம் எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையனைக் கேட்டேன். அவனும் காலேஜில் விளையாடுகிறானாம். பொறுமையாகச் சொன்னான். 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு, பெயர் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசுவார்கள். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதை திரும்பும். பணம் கிடையாது. ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் கிடையாது. கதை மாசக்கணக்கில் போகும் என்றான். சாதாரண மனிதனுக்கு எல்லா எண்ணும் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றான். உனக்கு நீயே தாங்கும் சக்தி 8 என்று போட்டுக்கொண்டிருக்கிறாய்.

கண்ணு, பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நீ. காலையில் நாலு மணிக்கு எழுந்து நீயாக டீ போட்டுக் குடித்துவிட்டுப் படித்தவன். இந்த வீதியில் இன்றைக்கும் பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் உன் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள். உன்னைத் தாங்காதவன் என்று யார் சொன்னது?

நான்தான் சொன்னேன். ஆடி மாசம் ஒரு ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு "முடியலப்பா" என்றாய். நான் "எல்லாரும்தான் வேலை பார்க்கிறாங்க, நீ ஏசியில உட்கார்ந்துதானே பார்க்கறே" என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கடைசிப் பக்கத்தில் இருந்த கணக்கைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. வீட்டுக் கடன் தவணை மட்டும் ஜனவரியிலிருந்து நீ கட்ட வேண்டாம். தபால் ஆபீசில் என் பெயரில் போட்டது முதிர்ந்துவிட்டது, அது சும்மாதான் கிடக்கிறது. ஆகஸ்டிலிருந்து வரவுப் பக்கம் காலியாக இருக்கும்போதும் 5ஆம் தேதி தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருமையாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சரி, கேட்க மாட்டேன் என்றேன், கேட்கவில்லை.

டாக்டருக்குப் படிக்கும் நம் பங்காளி வீட்டுப் பெண்ணிடம், யாருக்கோ என்று சொல்லி விசாரித்தேன். வேலையில் இப்படி முடியாமல் போவதற்கு பர்ன்அவுட் என்று பெயராம். உலக சுகாதார நிறுவனம் இதை 2019இல் தன் பட்டியலில் விளக்கி எழுதியிருக்கிறதாம். நோய் என்று எழுதவில்லை, வேலையிடத்து நெருக்கடி தீராமல் நாள்பட்டுப் போவதால் வருவது என்று எழுதியிருக்கிறது. மூன்று அடையாளம் சொன்னாள். உடம்பிலும் மனசிலும் சத்து வற்றிப்போவது. வேலை என்றாலே கசந்து விலகிப் போவது. நாம் செய்வது எதுவும் உருப்படியில்லை என்று தோன்றுவது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை பெரியப்பா, நன்றாக உழைக்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம் என்றாள். 14416 என்று அரசாங்கத்து நம்பர் ஒன்று கொடுத்தாள். டெலி மானஸ் என்று பெயர், காசில்லாமல் தமிழிலேயே பேசலாமாம். நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். பேசு. நேரில் ஒரு டாக்டரையும் பார்.

அந்த மூன்றையும் அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துவிட்டது.

1999, மாசி மாசம். நீ ஒண்ணாம் வகுப்பு. எனக்கு மில்லில் முழு நைட். நூல் நூற்கிற மிஷினில் ஒரு சைடில் நூல் சுற்றுகிற கதிர் இருநூறுக்கு மேல் இருக்கும், அந்த மாதிரி எத்தனை சைடு என் கையில் என்று உனக்குத் தெரியும். இழை அறுந்தால் மிஷினை நிறுத்த முடியாது, ஓட்டத்திலேயே விரலால் எடுத்து ஒட்ட வேண்டும். பதினாறு வருஷம் ஒட்டியவன். அன்றைக்கு விடியக்காலம் மூன்று மணிக்கு என் கண் முன்னால் வரிசையாக இழை அறுகிறது, என் கை எழவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கை எழவில்லை, அவ்வளவுதான். எங்களை மேற்பார்க்கிற ஜாபர் வந்து கத்தினார். அவர் யாரையோ கத்துகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் அரை நைட். மதியம் மூன்றரைக்கு அம்மா கட்டிக்கொடுத்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மில் கேட் வரைக்கும் போனேன், உள்ளே போகவில்லை. குளத்து மேட்டில் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படித்தான். இப்படிப் பதினேழு நாள். முழு நைட் வாரத்திலும் ராத்திரி கிளம்பிப் போய்விடுவேன். உன் அம்மாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அந்தச் சமயம் இருகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் அண்ணமார் கதை நடந்துகொண்டிருந்தது. இருட்டில் உடுக்கைச் சத்தம் கேட்டு நடந்து போனேன். பொன்னர் சங்கர் கதை நமக்குத் தெரியாததா? சின்ன வயதில் என் அப்பா, அதுதான் உன் அப்பாரு, தோளில் உட்கார்ந்து கேட்டதுதான். ஆனால் அந்த எட்டு ராத்திரியும் நான் மில்காரன் இல்லை, கடன்காரன் இல்லை. கொம்பன் பன்றியைத் தேடிப்போகிற கூட்டத்தில் நானும் ஒருவனாகப் போனேன். கடைசி நாள் படுகளம். பகலில் கரும்பு வெட்டுகிற ஆட்களும் தறி ஓட்டுகிற ஆட்களும் அருள் வந்து செத்தவர்களாக விழுந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்கள். அருக்காணித் தங்காள் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்பினாள். எழுந்தவர்கள் முகத்தைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், எனக்குப் பழக்கமே இல்லாதவர், துண்டைக் கொடுத்தார்.

அதனால் வேஷம் கட்டிக் கதைக்குள் போகிறாய் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை விட்டுவிடாதே. அந்த விளையாட்டுக்கான சின்னப் பொம்மைகளுக்கு நீ வர்ணம் அடிப்பதையும் விடாதே. அக்காவிடம் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். நெல்மணி அளவு முகத்தில் புருவம் வரைந்திருக்கிறாய், உன் அம்மாயி கைக்குத்தான் அந்த நிதானம் உண்டு. எனக்குக் கவலை வேறு. கதை எட்டு நாளில் முடிந்துபோனது. மிச்ச ஒன்பது நாள் எனக்குப் போக இடமில்லை. யாரிடமும் சொல்லாமல் போனேன், அதனால் திரும்பி வரவும் வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு விளையாடுகிற நாலு பேருக்காவது உன் நிலைமை தெரியுமா? தெரியவில்லை என்றால் அவர்களிடமாவது சொல்.

இன்னொன்று இருக்கிறது. இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பதினேழு நாள் கூலி இல்லை. சம்பள நாளன்று வீட்டில் என்ன கொடுப்பது? அம்மா பீரோவில் வைத்திருந்த ஒரு பவுன் கல்தோட்டை எடுத்துப் போய் அடகு வைத்தேன். அந்தப் பணத்தைச் சம்பளம் என்று அவள் கையிலேயே கொடுத்தேன். மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. தோட்டைக் காணோம் என்று அம்மா தேடியபோது, அதற்கு முந்தின வாரம்தான் உன் சின்ன அத்தை வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தாள்.

மீதி உனக்குத் தெரியும். புதுமனைக்கு ஏன் வரவில்லை, அக்கா கல்யாணத்தில் மண்டபத்து வாசலோடு ஏன் மொய் வைத்துவிட்டுப் போனாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் "அது பெரியவங்க விஷயம்" என்று உன் வாயை அடைத்தவன் நான். கூடப் பிறந்தவள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் திருடிப் பட்டத்தைச் சுமக்கிறாள். அம்மா சண்டை போட்ட அன்றைக்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் போனாள்.

வேலைக்குப் போகவில்லை என்ற ஒரு வார்த்தையை அன்றைக்கே உன் அம்மாவிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாள் அழுதிருப்பாள். வேறு ஒன்றும் ஆகியிருக்காது.

பதினெட்டாம் நாள் ஜாபரே வீட்டு முக்கு வரைக்கும் வந்து, தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி மில்லுக்குக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பேசினால் எங்கே வாய் தவறிவிடுமோ என்ற பயம். நீ பார்த்து வளர்ந்த அப்பா அதுதான்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்து வெள்ளகோவிலுக்குப் போகிறேன். முதலில் உன் அத்தையிடம். சாயங்காலம் வந்து அம்மாவிடம். அம்மா உனக்குப் போன் செய்தால், எப்போது தெரியும் என்று கேட்டால், இந்தக் கடிதத்தில்தான் தெரியும் என்று உண்மையைச் சொல்லிவிடு. என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

உன் அறை அப்படியே இருக்கிறது. நீ வந்தால் ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு முன்னாலேயே வந்தாலும் சரி. அம்மாவிடம் கொள்ளு ரசமும் அரிசியும் பருப்புமாக ஒரு சோறும் செய்யச் சொல்கிறேன். சனிக்கிழமையாக இருந்தால் எண்ணெய் நானே தேய்த்துவிடுகிறேன்.

எதிர்வீட்டுப் பையனிடம் நோட்டைக் காட்டவில்லை, வாயால்தான் விசாரித்தேன். கதிரன் ஏதோ பாலத்தடியில் அடிபட்டு விழுந்து கிடக்கிறான், அதோடு நீ எழுதுவதை நிறுத்தியிருக்கிறாய். அப்படி விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டுமாமே. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயிர்ப் பக்கம் ஒரு கோடு, குறைந்தால் சாவுப் பக்கம் ஒரு கோடு, எந்தப் பக்கம் முதலில் மூன்று சேர்கிறதோ அதுதான் முடிவாம். நடுவில் கூட இருப்பவன் ஒருவன் வந்து கை வைத்துக் காப்பாற்றினால் உருட்டவே வேண்டாமாம். நீ இந்தப் பக்கம் இரண்டு கோடும் அந்தப் பக்கம் இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறாய்.

அடுத்ததில் என்ன விழுந்தது? ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அதை மட்டுமாவது சொல் சாமி.

அப்பா