கங்கா தேவியின் பெயரை எழுதுங்கள்: அரசுக் கலைக்கூட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் காட்சிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கூடங்களுள் ஒன்றில் நடந்த நாட்டுப்புறக் கலைக் கண்காட்சிக்கு என் அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். எட்டு மாதங்களாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் அவர். நான்காவது கீமோவுக்குப் பிறகு மருத்துவமனை தவிர வேறோர் இடத்துக்கு வந்தது அன்றுதான். கடைசிச் சுவரில், படுக்கைகளும் நோயாளிகளும் மருத்துவர்களுமாக நிறைந்திருந்த ஒரு கோட்டோவியத்தின் அச்சுப்படி மாட்டப்பட்டிருந்தது. அம்மா அதன்முன் வெகுநேரம் நின்றார். "இதை வரைஞ்சவளுக்கும் இந்த நோய் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, யார் என்று பார்க்கச் சொன்னார். கீழே இருந்த அட்டையில் 'மதுபனி ஓவியம், பீகார்' என்பதற்குமேல் ஓர் எழுத்தும் இல்லை.

அது மதுபனி ஓவியர் கங்கா தேவி, தமக்கு வந்த புற்றுநோயைப் பற்றி வரைந்த வரிசை ஓவியங்களுள் ஒன்று. முன்பே நூலில் பார்த்திருந்ததால் எனக்குத் தெரிந்தது, அம்மாவிடம் சொன்னேன். பார்வையாளர் ஏட்டில் எழுதினேன்; பிறகு கடிதம் அனுப்பினேன்; இரண்டு முறை தொலைபேசியிலும் பேசினேன். நாட்டுப்புறக் கலைக்குத் தனிப்பெயர் போடும் வழக்கம் இல்லை என்று பதில் கிடைத்தது. அந்த வழக்கத்தை மாற்றி, வரைந்தவரின் பெயரையும் எந்த நிலையில் வரைந்தார் என்பதையும் அட்டையில் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அவர் யாரென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அறுபதுகளின் பஞ்சத்தின்போது, மதுபனி ஓவியத்தின் தாயகமான பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்களின் கையில் காகிதத்தைக் கொடுத்து, சுவரில் போடுவதை இதில் போடுங்கள் என்று கேட்டது அரசின் கைவினை வாரியம்தான். 1984-இல் கங்கா தேவிக்குப் பத்மஸ்ரீ வழங்கியதும், இந்தியக் கலைகளை வெளிநாட்டில் காட்டும் இந்தியத் திருவிழாவுக்காக அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அரசுதான். விருதுப் பட்டியலில் இருந்த பெயர் காட்சி அட்டைக்கு வரும்போது மட்டும் எப்படி உதிர்ந்துபோகிறது?

அவர் எந்தக் கலைப்பள்ளிக்கும் போனதில்லை. காயஸ்தர் என்னும் சாதியைச் சேர்ந்த வீட்டுப் பெண்கள் போடும் கச்னி என்னும் நுண்கோட்டு முறையை, வீட்டில் பார்த்துப் பார்த்தே கைப்படுத்திக்கொண்டார். தாமரை, மூங்கில், மீன், ஆமை ஆகியவற்றை எப்படிப் போடுவது என்பதை மரபு அவருக்குக் கொடுத்தது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலை எப்படிப் போடுவது, சாவை எதிர்பார்த்திருக்கும் ஓர் உடம்பை எந்தக் கோட்டால் சொல்வது என்பதற்கு மிதிலையின் எந்தச் சுவரிலும் முன்மாதிரி கிடையாது. அதைத் தாமே கண்டுபிடித்தார். 'பீகார்' என்று ஒரு மாநிலத்தின் பெயரைப் போட்டு அந்தக் கண்டுபிடிப்பை மூடிவிட முடியாது.

ஒரு செய்தியை மட்டும் சற்று நின்று பார்க்கும்படி வேண்டுகிறேன். 1987 வாக்கில் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1989-90 அளவில், தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தின் அறை ஒன்றில் அவர் கோபர் கர், அதாவது மணவறை, வரைந்தார். கோபர் என்பது மணமக்கள் முதலிரவைக் கழிக்கும் அறையின் சுவரில் இடும் மங்கல ஓவியம். தாமரை இலைக் கூட்டத்தின் நடுவே நிமிர்ந்தெழும் மூங்கில், கிளிகள், மீன்கள், பாம்புகள், சூரியன், சந்திரன் என அதில் வரும் ஒவ்வொன்றும் வம்சம் தழைக்கவேண்டும் என்ற வேண்டுதல். அதை வரைந்தவரோ பிள்ளை இல்லாதவர். அதையே காரணமாகக் காட்டிக் கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொள்ள, வாழ்வைத் தனியே நடத்தியவர். ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் இடைப்பட்ட நாள்களில் வந்து, யாரோ ஒரு மணமகளுக்காக அந்தச் சுவரை நிரப்பினார். கீமோ முடிந்த மறுவாரம் ஒரு தம்ளரைத் தூக்குவதற்கு என் அம்மாவின் கை எப்படி நடுங்குகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அத்தகைய உடம்போடு மயிரிழைக் கோடுகளால் ஒரு சுவரையே நிரப்புவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். 1991-இல் அவர் இறந்தார். மருத்துவமனையைக் காட்டும் காகித ஓவியங்கள், கருவுறுதலை வேண்டும் அந்தச் சுவர் ஆகிய இரண்டையும் சேர்த்தே நான் சாவைப் பற்றிய அவருடைய பேச்சாகப் படிக்கிறேன்.

அந்தச் சுவர் இன்று இல்லை. புதுப்பிப்புப் பணியின்போது அது அழிக்கப்பட்டது 2015-இல் வெளியே தெரிந்து, கலைஞர்களும் ஆய்வாளர்களும் கொதித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சுவரோவியம் அழியத்தானே செய்யும், மிதிலையிலேயே சாணமிட்டு மெழுகி மறுபடி வரைகிறார்களே என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். அங்கே அடுத்த கல்யாணத்துக்காக அந்த வீட்டுப் பெண்கள் மெழுகுகிறார்கள், அதே பெண்களின் கை மறுபடி வரைகிறது. காப்பதற்கென்றே கட்டிய இடத்தில், வரைந்தவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆனபின், மறுபடி வரைய அந்தக் கை இல்லை என்று தெரிந்தே அழிப்பது அதே செயல் ஆகாது. சுவர் போய்விட்டது, பெயராவது மிஞ்சவேண்டாமா?

இது கங்கா தேவி ஒருவரோடு நிற்கும் குறையன்று. நகரத்து ஓவியர்களின் கூடத்தில் பெயர், பிறந்த ஆண்டு, வரைந்த ஆண்டு, ஊடகம் என நான்கு வரி எழுதும் நீங்கள், அடுத்த அறைக்கு வந்ததும் மாவட்டத்தின் பெயரோடு, சில இடங்களில் சாதியின் பெயரோடு, நிறுத்திக்கொள்கிறீர்கள். கோண்டு, வார்லி ஆகிய பழங்குடியினரின் ஓவியங்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். பெயர் தெரியாத பழைய படைப்புகளில் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதில் குற்றமில்லை. தெரிந்த பெயரை எழுதாமல் விடுவதற்கு என்ன விளக்கம் சொல்லமுடியும்? ஒரு நாட்டுப்புறக் கலைஞருக்குத் தனி வாழ்வும் தனி நோயும் தனிச் சாவும் இருக்கமுடியும் என்பதையே அந்த அட்டைகள் ஏற்க மறுக்கின்றன.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு அன்று. கங்கா தேவி, 1928-1991, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது தாம் கண்டதை வரைந்தது என்று ஓர் அட்டை எழுதுங்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும், கண்காட்சி எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரின் மொழியிலும் எழுதுங்கள். பெயர் தெரிந்த ஒவ்வொரு நாட்டுப்புறக் கலைஞருக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

அடுத்த மாதம் ஆறாவது கீமோ முடிந்தபின் அந்தப் படத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கண்காட்சி அதுவரை இருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் அந்த அட்டையை மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்துப் பார்வையாளர் ஒருவர்