ஒரு பதில் பாக்கி

அன்புள்ள குட்டிமா,

பிரேசில் வேலை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லீவு கிடைத்ததால் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இருக்கும் செர்ரா த கனாஸ்த்ரா பூங்காவுக்கு வந்திருக்கிறேன்.

ஏழு வயதில் படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? எப்போதோ அழிந்துபோன 'பயங்கரப் பறவை'யின் படம். குதிரைத் தலை அளவுக்குத் தலை, கொக்கி அலகு, பறக்காத பறவை. "ஒண்ணுகூட மிச்சம் இல்லையாப்பா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அந்தப் பதில் பாதிதான் சரிம்மா.

இன்று விடியும்போதே வெளியே ஒரே கத்தல். நாய்க்குட்டி வீறிடுகிற மாதிரி ஒன்று கத்த, இன்னொன்று கூடச் சேர்ந்துகொண்டது. எழுந்து போனால், வேலிக்கு அப்பால் புல்லில் இரண்டு செரியேமா பறவைகள். என் இடுப்பு உயரம் வரும். சிவந்த நெட்டைக் கால்கள், கண்ணைச் சுற்றி நீலம், அலகுக்கு மேல் விறைத்து நிற்கும் இறகுக் குடுமி. ஒன்று ஓணான் போன்ற பல்லியைக் கவ்வி, கழுத்தை நிமிர்த்தி, பாறையில் ஓங்கி அடித்தது. துவைக்கிற கல்லில் துணி அடிப்போமே, அதே மாதிரி. திரும்பத் திரும்ப அடித்து, துவண்டதும் அப்படியே விழுங்கிவிட்டது. காலில் ஒரு விரல் நகம் மட்டும் அரிவாள் மாதிரி வளைந்து, தரையில் படாமல் தூக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் உன் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பயங்கரப் பறவைகளுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தம் இவைதான். செங்கால், கருங்கால் என்று இரண்டே இனம்.

அர்ஜென்டினாவின் தெற்கே படகோனியாவில் கிடைத்த, அப்படியொரு பயங்கரப் பறவையின் தாடை எலும்பை வைத்து 1887-இல் புதைபடிவ ஆய்வாளர் புளோரென்டினோ அமேகினோ அதற்கு ஃபோருஸ்ராகோஸ் என்று பெயரிட்டார். ஆனால், அதைப் பல்லில்லாத பாலூட்டி என்றுதான் நினைத்தார். அவ்வளவு பெரிய தாடை பறவைக்கு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்? பறவை என்று புரிய மேலும் சில வருடங்கள் ஆயின. அப்புறம், அர்ஜென்டினாவின் கோமாயோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மாணவன் கண்டெடுத்த, கெலென்கென் என்ற இன்னொரு பயங்கரப் பறவையின் மண்டையோட்டின் நீளம் 71 செ.மீ. டேப்பை எடுத்து உன் தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்து பார். தலை மட்டுமே அவ்வளவு.

பெரியவை போய்விட்டன, அது மாறாது. ஆனால், அவற்றின் சொந்தம் இதோ என் அறைக்கு வெளியே நிற்கிறது. குரலைப் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறேன். ஹாஸ்டலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள்.

அன்புடன்,
அப்பா