கலாம் படம் மட்டும் போதாது, 1979இல் எது பழுதானது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசிய விண்வெளி நாளுக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கத்தை, மண்டபத்தில் என்னிடம் மாலைப் பாடத்துக்கு வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். ஸ்புட்னிக், ககாரின், ஆம்ஸ்ட்ராங், அப்புறம் நேரே சந்திரயான்-3. நடுவில் கலாம் ஐயாவின் படம், கீழே கனவு காணச் சொல்லி ஒரு வரி. ஆனால் பக்கம் முழுக்கத் தேடினாலும் ஒரு ராக்கெட்கூட விழவில்லை, வெடிக்கவில்லை. விழுந்ததையெல்லாம் விட்டுவிட்டு ராக்கெட் வரலாற்றை எப்படி எழுத முடியும்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கரையில் கலாம் படம் இல்லாத பள்ளிக்கூடத்தைப் பார்ப்பது கஷ்டம். 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்ததும், அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றதும், அடுத்த வருடம் ஜூலை 18இல் ஜெயித்தபோது கலாமைப் பேசச் சொன்னதும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மேடைக்கு மேடை அதைத்தான் சொல்கிறார்கள். சரி, அன்று ராக்கெட்டில் எது கெட்டுப்போனது என்று கேளுங்கள், பெரியவர்களே விழிப்பார்கள். ராக்கெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழன்று விழும் கட்டங்கள் உண்டு, அதில் முதல் கட்டம் ஒழுங்காக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தை வழிமாறாமல் பிடித்து ஓட்டும் அமைப்பில் ஒரு வால்வு சிக்கிக்கொண்டு, அதற்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் கசிந்து போயிருந்தது. அவ்வளவுதான். 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் உள்ள ராக்கெட், சில நிமிடங்களில் வங்கக் கடலில். டீசல் பைப்பில் தூசி அடைத்து நடுக்கடலில் இன்ஜின் நின்ற கதையைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள், ஒரு வால்வு என்ன செய்யும் என்று இவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. நான் சொன்னபோது கேள்வி மேல் கேள்வி வந்தது. கனவு காணுங்கள் என்று சொன்னபோது ஒருவரும் எதையும் கேட்டதில்லை.

பத்திரிகைகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு, வருத்தப்படாமல் கேளுங்கள். 1920இல் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட், ராக்கெட்டை நிலாவரைக்கும் அனுப்ப முடியும் என்று எழுதியதை நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் கேலி செய்தது, வெற்றிடத்தில் உதைத்துத் தள்ள எதுவும் இல்லையே என்று. ராக்கெட் காற்றை உதைத்துக்கொண்டு போவதில்லை, தான் வெளியே தள்ளும் வாயுவின் எதிர்விசையால்தான் போகிறது, இது நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிற நியூட்டன் விதிதான். 1926 மார்ச் 16 அன்று கோடார்ட் தன் உறவினர் பண்ணையில் பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் வைத்து ஒரு ராக்கெட்டை விட்டார். இரண்டரை வினாடி பறந்து 41 அடி உயரம் போனது. அப்பல்லோ-11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல், அந்தப் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. கோடார்ட் 1945இலேயே இறந்துவிட்டார்.

பெருமைப்பட முடியாத பக்கமும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-2 என்ற குண்டு ராக்கெட்டைச் சுரங்கத் தொழிற்சாலையில் வைத்துச் செய்தவர்கள் முகாம் கைதிகள், அதில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த ராக்கெட்டை வடிவமைத்த வான் பிரவுன்தான் பின்னால் நிலாவுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன்-5க்கும் தலைமை தாங்கினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்கிக்கொள்வார்கள்.

நம் கதையிலும் சறுக்கல்கள் உண்டு, எஸ்.எல்.வி.-3க்கு அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட் 1987இலும் 1988இலும் தோற்றது. அதற்கும் அடுத்த பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. 1993 செப்டம்பரில் தன் முதல் பயணத்திலேயே விழுந்தது, அடுத்த வருடம் அக்டோபரில் ஜெயித்தது. அந்த பி.எஸ்.எல்.வி.தான் 1999 மே மாதம் ஓஷன்சாட் செயற்கைக்கோளைக் கொண்டுபோனது. கடலின் நிறத்தை வைத்துப் பாசி எங்கே செழித்திருக்கிறது என்று பார்க்கும் கருவி அதில் இருந்தது. மீன் கூடும் இடம் என்று இன்று நம் கரைக்கு வருகிற தகவலெல்லாம் இந்த மாதிரி அளவுகளிலிருந்து வருபவைதான். 1993இல் விழுந்ததோடு விட்டிருந்தால்?

இப்போது பக்கத்து மாவட்டத்திலேயே ஏவுதளம் வருகிறது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்பதற்காகச் சுற்றி வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து தெற்கே நேராக விடலாம், கழன்று விழும் கட்டங்கள் கடலில் விழும். அங்கிருந்து பறக்கப்போகும் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.கூட 2022 ஆகஸ்டில் முதல் தடவை தோற்றதுதான். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில், ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளக்கும் உணரிகள் நன்றாக இருந்தும் பழுதாகிவிட்டதாக அதன் கணினி தப்பாக முடிவெடுத்துவிட்டது. ஆறு மாதத்தில் திருத்தி, 2023 பிப்ரவரியில் சரியாக அனுப்பினார்கள்.

ராக்கெட் விடும் நாளில் இந்தப் பகுதிக்குப் படகு போகக்கூடாது என்று ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு அறிவிப்பு வருவதுபோல நாளைக்குத் தெற்குக் கரைக்கும் வரும். அன்று தடையை மட்டும் செய்தியாகப் போட்டால் கோபம்தான் வரும். எந்தக் கட்டம் எங்கே விழும், எத்தனை மணி வரைக்கும் தடை, ஏன் என்று ஒரு சின்ன வரைபடத்தோடு போட்டால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. உங்கள் ராமநாதபுரம் பதிப்பில் வாரம் அரைப் பத்தி கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு ராக்கெட், அது எப்படி வேலை செய்தது, எங்கே சறுக்கியது, யார் அதைக் கண்டுபிடித்தார்கள், எதை மாற்றினார்கள். ஏவுதல் தோற்றால் மறுநாள் தலைப்போடு விட்டுவிடாமல், காரணம் தெரியவரும்போது அதையும் அதே பக்கத்தில் போடுங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து போட்ட பேப்பர் கட்டுகளை எடுத்துக் கொடுத்த பையன்தான் கலாம், உலகத்தைப் பற்றி அவருக்கு முதலில் சொன்னதில் செய்தித்தாளுக்கும் பங்கு உண்டு. அடுத்த ஆகஸ்ட் 23 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், எஸ்.எல்.வி.-3இன் வால்விலிருந்தே முதல் வாரத்தைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மண்டபம்