வலி வந்தபிறகு நீட்டும் படிவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ ஆராய்ச்சியில் அறநெறி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெரும்பகுதியைத் தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன். கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் எந்த ஆராய்ச்சியிலும் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது என்று கடைசிப் பத்தியில் முடித்திருந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். பிரசவ வார்டில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அதில் மூன்று ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்காகத் தாய்மார்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கட்டுரையாளரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் தாய்மார்களுக்குக் கெடுதல்தான் மிஞ்சும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எல்லாரும் முதலில் எடுப்பது தாலிடோமைடைத்தான். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மாத்திரை. தூக்கம் வரும், மசக்கை வாந்தி நிற்கும், பயமே வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள். 1961 கடைசியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் கைகால் சரியாக வளராமல் பிறந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி போதிய சான்று இல்லை என்று சொல்லி விற்பனைக்கு அனுமதி தராமல் நிறுத்திவைத்தார். நிறுவனம் எவ்வளவு நெருக்கியும் அவர் அசையவில்லை.

சரி, அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு மாத்திரை எப்படிக் கிடைத்தது? மற்ற மருந்துகளைப்போலச் சாதாரணமாகத்தான் கிடைத்தது. கர்ப்ப காலத்தில் அது என்ன செய்யும் என்று யாரும் முறையாகப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் விற்றதால் வந்த கொடுமை அது. ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழானது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களையே ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் போட்டது. அதை மாற்ற 1993 வரை ஆனது. 2020-இல் கொரோனா தடுப்பூசிச் சோதனைகள் தொடங்கியபோதும் கர்ப்பிணிகளை வெளியே நிறுத்தித்தான் தொடங்கினார்கள். ஊசி வந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நான் போட்டுக்கலாமா?" பதில் சொல்லக் கையில் எதுவும் இல்லாமல் திணறினோம்.

மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள். 'கர்ப்ப காலத்தில் பாதுகாப்பு நிலைநாட்டப்படவில்லை' என்ற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வலிப்பு நோய் உள்ளவள், ஆஸ்துமா உள்ளவள், ரத்த அழுத்தம் உள்ளவள் எல்லாரும் கருத்தரிக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு வலிப்போடு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சியில் சேர்க்காவிட்டாலும் மருந்து அவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. என்ன ஆனது என்று கணக்கெடுக்க மட்டும் ஆள் இல்லை.

இன்னொரு கதை இருக்கிறது, இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற அம்மையாரும் அவர் கணவரும் 1962-இல் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்து. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்த அம்மையாரின் எண்ணம். ஆனால் அதைத் தாய்மார்களிடம் சோதித்துப் பார்க்க அங்கிருந்த மகப்பேறு மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க அவரால் முடியவில்லை. பிற அறுவைசிகிச்சைகளில் எல்லாம் அந்த மருந்து புழங்க ஆரம்பித்தது. பிரசவத்துக்கு வந்து சேர 55 ஆண்டுகள் ஆயின. 21 நாடுகளில் 20,060 பெண்களைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒகமோட்டோ அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டே 98 வயதில் காலமாகிவிட்டார். எங்கள் வார்டில் அந்த ஊசி இல்லாத காலத்தில் போனவர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதனால்தான் 'சேர்க்காமல் விட்டுவிடுங்கள்' என்பதை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை.

அப்புறம், சேர்த்தால் மட்டும் போதுமா? போதாது. கட்டுரையாளரின் கோபம் நியாயமாக இருக்கும் இடம் ஒப்புதல் வாங்கும் விதம்தான், அதற்கு நானே சாட்சி.

நான் வேலை பார்த்த ஆய்வில், வலியோடு உள்ளே வரும் பெண்களிடம்தான் படிவத்தைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பக்கம். ஒரு நாள் ராத்திரி முதல் பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கம் போகும்போது வலி வந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. வலி இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து படித்தேன். மறுபடியும் வலி. மூன்றாம் முறை அவளே பேனாவை வாங்கிக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். கட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது அந்தக் கையெழுத்து. மறுநாள் காலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நேத்து ஒரு கையெழுத்து வாங்கினீங்களே, அது ஆபரேஷனுக்கா?"

அவளுக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் தான் ஓர் ஆய்வில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. மேலதிகாரிகளிடம் இதைச் சொன்னேன். "கையெழுத்து இருக்குல்ல, ஃபைல் சரியா இருக்கு" என்று பதில் வந்தது. நெறிமுறைக் குழு படிவத்தைப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தது. அதை எந்த நேரத்தில், எந்த நிலையில் இருப்பவளிடம் நீட்டுவார்கள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் முறை மாறியது. ஏழாம் மாதச் செக்கப்புக்கு வரும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுவோம். தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். அடுத்த தடவை வரும்போது, "நாங்க என்ன பண்ணப் போறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க பாப்போம்" என்று கேட்போம். பிரசவத்துக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இப்பவும் சரியா?" வேண்டாம் என்றவர்கள் முன்னைவிட அதிகமானார்கள். ஆய்வுக் குழுவில் சிலருக்கு அது வருத்தம். எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்க முடியாது என்பதும் உண்மை. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது எட்டுப் பக்கம் படிக்க முடியாது. நான் மேலே சொன்ன 20,060 பேர் ஆய்வில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பேசும் நிலையில் இருப்பவளிடம் கேட்பது, முடியாதபோது உறவினரிடம் கேட்பது, அதுவும் முடியாவிட்டால் மருந்தைக் கொடுத்துவிட்டு அவள் தேறியபிறகு விவரம் சொல்லிச் சம்மதம் கேட்பது.

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1,316 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்துக்குள் வைப்பதா, 91 முதல் 95-க்குள் வைப்பதா என்பது கேள்வி. இரண்டுமே அன்றைக்கு மருத்துவமனைகளில் நடைமுறையில் இருந்த அளவுகள். முடிவு 2010-இல் வந்தது. குறைந்த அளவில் வைத்த குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு குறைவு, ஆனால் இறப்பு அதிகம். பார்வை போகலாம், உயிர் போகலாம் என்பதைப் படிவங்கள் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013-இல் அரசின் கண்காணிப்பு அலுவலகம் கடிதம் எழுதியது. வழக்கமான சிகிச்சைதானே, புதிதாக என்ன ஆபத்து என்று மருத்துவர்கள் வாதாடினார்கள். அந்த ஆய்வு தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எது நல்லது என்று தெரியாமல்தான் ஆய்வே நடக்கிறது என்றால், 'எங்களுக்கே தெரியாது' என்பதைப் பெற்றோரிடம் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நன்றாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த குழந்தையை அம்மாவின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. உடம்பு தேறிய குழந்தைக்குத்தான் அது என்று பல காலம் நினைத்திருந்தோம். பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் பார்த்தார்கள். உடனே தொடங்கிய குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், மற்ற குழுவில் 15.7 சதவீதம். இந்த வித்தியாசம் தெரிந்ததும் மற்ற குழந்தைகளுக்கு அதை மறுப்பது தவறு என்று கண்காணிப்புக் குழு சொல்லி, ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆய்வுக்காகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தையைப் பார்த்து அழுத எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள் நான். அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஓர் ஒப்புதல் படிவத்தை எங்காவது வாங்கி, சத்தமாக முழுவதும் படித்துப் பார்க்கட்டும். நான் காட்டிய படிவத்தைப் படித்து முடிக்க 25 நிமிடம் ஆகும். அந்தப் பெண்ணுக்கு அப்போது நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை வலி வந்துகொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரசவ வார்டு செவிலியர்